பழைய கஞ்சா வழக்கும் பாதுகாப்பு அனுமதிப் படிவமும்

கேள்வி: பள்ளிப் பருவத்தில் பெற்றோருடன் அமெரிக்கா வந்த நான், 4 ஆண்டுகளுக்கு முன் குடியுரிமை பெற்றேன். இப்போது பாதுகாப்புத் துறையின் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில், அரசின் ரகசியத் தகவல்களைக் கையாள்வதற்கான ‘சீக்ரெட்’ நிலை பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் மென்பொருள் வேலை கிடைத்திருக்கிறது. 9 ஆண்டுகளுக்கு முன், கல்லூரியில் படித்தபோது, சிறிதளவு கஞ்சா வைத்திருந்ததாக என் மீது வழக்குப் பதிவாகிப் பின்னர் தள்ளுபடியானது. மாநில நீதிமன்ற உத்தரவால் அந்தப் பதிவும் அழிக்கப்பட்டது. குடியுரிமை பெற்றபின் கொலராடோவில் வசித்தபோது கஞ்சா கலந்த மிட்டாய்களை அவ்வப்போது சாப்பிட்டேன். நிறுத்தி 14 மாதங்கள் ஆகின்றன. “அழித்ததை நீயே ஏன் கிளறுகிறாய்?” என்கிறார் மாமா. அனுமதிப் படிவத்தில் இவற்றை எழுதத்தான் வேண்டுமா?

பதில்: இரண்டையும் எழுதத்தான் வேண்டும். பாதுகாப்பு அனுமதிக்காக நிரப்பும் எஸ்.எஃப்.-86 படிவம் கைதுகளைப் பற்றிப் பொதுவாகக் கடந்த 7 ஆண்டுகளுக்கே கேட்கிறது என்பது உண்மைதான். ஆனால் போதைப்பொருள் அல்லது மது தொடர்பான குற்றச்சாட்டு வாழ்நாளில் எப்போதாவது சுமத்தப்பட்டதா என்ற தனிக் கேள்வியும் அதில் இருப்பதால், உங்கள் 9 ஆண்டுப் பழைய வழக்கு அதற்குள் வந்துவிடுகிறது. பதிவு முத்திரையிடப்பட்டிருந்தாலும் அழிக்கப்பட்டிருந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்று படிவமே சொல்கிறது. அதற்குள்ள விலக்கு, ஃபெடரல் (மத்திய அரசின்) போதைப்பொருள் சட்டத்தின் கீழ்ப் பிறப்பிக்கப்படும் சில அழிப்பு உத்தரவுகளுக்கு மட்டுமே உரியது, மாநில நீதிமன்ற உத்தரவுக்குப் பொருந்தாது.

உண்மையில் அந்த வழக்கை நினைத்து நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அனுமதி வழங்கலாமா என்று முடிவு செய்ய 2017 முதல் நடைமுறையில் உள்ள 13 தகுதி வழிகாட்டுதல்களில் குற்ற நடத்தை பற்றிய ‘ஜே’ பிரிவு, சம்பவம் நடந்து எவ்வளவு காலமாயிற்று, எந்த வயதில், எந்தச் சூழலில் நடந்தது, மீண்டும் நிகழுமா என்பவற்றைப் பார்க்கிறது. மாணவப் பருவத்தில் ஒரே ஒரு முறை நடந்து தள்ளுபடியான வழக்கு தனித்து நின்று அனுமதியைத் தடுப்பது அரிது.

எனக்குக் கவலை தருவது அந்த 14 மாதக் கணக்குதான். கொலராடோவில் கஞ்சா சட்டப்படி விற்கப்பட்டாலும், ஃபெடரல் சட்டத்தில் அதன் பயன்பாடு சட்டவிரோதமே. அனுமதியை முடிவு செய்வதும் ஃபெடரல் அரசே. தற்போதும் பயன்படுத்துபவருக்கு அனுமதி வழங்கச் சட்டமே தடை விதிக்கிறது. நிறுத்தியவர் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல்களில் வரையறை ஏதுமில்லை. ஆனால் கடந்தகாலக் கஞ்சாப் பயன்பாடு கருத்தில் கொள்ளத்தக்கதே அன்றி முடிவைத் தானாகத் தீர்மானிப்பதல்ல என்று தேசிய உளவுத்துறை இயக்குநர் 2021 டிசம்பரில் தெளிவுபடுத்தினார். இனி எந்தப் போதைப்பொருளையும் தொடமாட்டேன், தொட்டால் அனுமதியை ரத்து செய்யலாம் என்று கையொப்பமிட்ட உறுதிமொழியை இப்போதே தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள்; வழிகாட்டுதல்களில் போதைப்பொருள் பற்றிய ‘எச்’ பிரிவு அதை, கவலையைத் தணிக்கும் சான்றாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கஞ்சா நிறுவனப் பங்குகளை நேரடியாக வாங்கி வைத்திருந்தால் அதையும் என்னிடம் சொல்லுங்கள். பலரும் மறந்துவிடும் இந்த முதலீட்டையும் உளவுத்துறை இயக்குநரின் மேற்படி அறிவுறுத்தல் கவனத்தில் கொள்கிறது.

மாமாவின் யோசனை அன்பில் பிறந்ததுதான், ஆனால் சிறிய தவற்றைப் பெரிய குற்றமாக்கிவிடும். தெரிந்தே மறைப்பது நேர்மையைச் சோதிக்கும் ‘இ’ பிரிவில் தனிக் குறையாகும். 5 ஆண்டு வரை சிறை விதிக்கத்தக்க ஃபெடரல் குற்றமும்கூட. விசாரணை அதிகாரி உங்கள் பழைய அறைத் தோழர்களிடமும் பேசக்கூடும். மறுபுறம், போதைப்பொருள் பயன்பாடு குறித்த பகுதியில் நீங்கள் உண்மையாக அளிக்கும் பதிலைப் பின்னர் குற்றவியல் வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தமாட்டோம் என்று படிவமே உறுதி அளிக்கிறது.

கையொப்பமிடும் முன் ஒன்றைச் செய்யுங்கள். குடியுரிமைக்காக நீங்கள் கொடுத்த என்-400 விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பாருங்கள். அதிலும் கைது, குற்றச்சாட்டு பற்றிய கேள்விகள் உண்டு. பதிவு அழிக்கப்பட்டிருந்தாலும் அவற்றுக்குப் பதிலளிக்க வேண்டும். அங்கே ‘இல்லை’ என்று எழுதியிருந்தால், இந்தப் படிவத்தை அனுப்புவதற்கு முன்பே குடிவரவு வழக்கறிஞர் ஒருவரை அந்த நகலுடன் சந்தியுங்கள்.