குளத்துப் பம்ப்: பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: தோட்டத்தில் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழத்தில் மீன் குளம் வைத்திருக்கிறேன். ஃபில்டரின் வாய் நீர்மட்டத்திலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 150 வாட் பழைய பம்ப் இரவு பகலாக ஓடுகிறது. மின்சாரம் மிச்சமாக, ‘மணிக்கு 4,000 லிட்டர்’ என்று போட்டிருக்கும் சின்ன பம்ப் ஒன்றை வாங்கலாமா?

பதில்: அந்த 4,000 லிட்டர், தண்ணீரைத் துளியும் மேலே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. உயரம் கூடக்கூட அது குறையும். பெட்டியில் ‘அதிகபட்ச ஹெட்’ என்று இருக்கும் உயரத்தில் ஒரு சொட்டுகூட வராது. அந்தப் பம்பின் அதிகபட்ச ஹெட் 2 மீட்டர் என்றால், உங்கள் ஃபில்டருக்குப் பாதிகூடப் போய்ச் சேராது.

உங்கள் குளம் பிடிப்பது 3,600 லிட்டர். மீன் இருப்பதால் மணிக்கு ஒரு முறையாவது மொத்தத் தண்ணீரும் ஃபில்டர் வழியாகச் சுற்றி வர வேண்டும். 1.2 மீட்டர் உயரத்தோடு குழாயின் உராய்வையும் சேர்த்து 1.5 மீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 3,600 லிட்டர், அதாவது நொடிக்கு ஒரு லிட்டரை அந்த உயரத்துக்கு ஏற்ற உண்மையில் தேவைப்படும் ஆற்றல் 15 வாட்தான். சின்ன பம்புகளில் நல்லது என்றால், இழுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்காவது தண்ணீரை ஏற்றப் பயன்படும். ஆகவே 45 வாட் போதும். ஆண்டுக்கு 900 யூனிட்டுக்கு மேல் மிச்சம்.

கடையில் கேட்க வேண்டியது இதுதான்: “1.5 மீட்டர் ஹெட்டில் எத்தனை லிட்டர் தரும், எத்தனை வாட் இழுக்கும்?” பம்போடு வரும் வரைபடத்தில் இதற்கு விடை இருக்கும். வரைபடமே தராத பம்பை நான் வாங்கமாட்டேன்.

குழாயையும் கவனியுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். உள்விட்டம் 20 மி.மீ. குழாயை 25 மி.மீ. ஆக மாற்றினால் உராய்வு இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். பம்பின் வாய் சிறிதாக இருந்தாலும் பெரிய குழாயையே போடுங்கள்; வளைவுகளைக் குறையுங்கள்.

மிச்சம் பிடிக்க வேண்டும் என்று இரவில் மட்டும் பம்பை நிறுத்திவிடாதீர்கள். விடியலுக்கு முன்புதான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். ஃபில்டரில் வாழும் பாக்டீரியாவும் ஓட்டம் நின்றால் மூச்சுத் திணறும். பேட்டரி இல்லாத சோலார் பம்ப் மீன் குளத்துக்குச் சரிவராததும் இதனால்தான். நீரூற்றோ அருவியோ வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பம்ப் வைத்து, நீங்கள் தோட்டத்தில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் டைமரில் ஓட விடுங்கள்.

எந்தப் பம்பானாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகத்தான் இணைப்பு. தண்ணீருக்குள் கை விடுமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பொருத்தியதும் ஃபில்டர் வாயில் 10 லிட்டர் வாளியைப் பிடித்துப் பாருங்கள். 10 விநாடியில் நிரம்ப வேண்டும். சில வாரம் கழித்து 15 விநாடி ஆனால், பம்பின் வலைக்கூட்டில் பாசி அடைத்திருக்கிறது, கழுவிப் போடுங்கள்.