கடலோர ஊரில் பழைய காரை வீட்டிலேயே முதன்முறையாக முழுமையாகச் சுத்தம் செய்து மெருகூட்டுவது எப்படி? எந்த மெழுகு வாங்க வேண்டும்?

நீங்கள் மெழுகைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் தண்ணீரைப் பற்றித் தொடங்குகிறேன். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கமாக, கடலிலிருந்து அரைக் கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் வசிக்கும் எனக்கு, காரின் பளபளப்பைக் கெடுப்பது அதன் வயதைவிட அதன்மேல் படியும் உப்பும் மணலும், அவற்றை அகற்றுகிறோம் என்று நாமே அழுத்தித் தேய்க்கும் துணியும்தான் என்பது ஒரு தவறு செய்த பிறகே விளங்கியது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், பாவித்த கார்களின் விலை கண்முன்னே ஏறிக்கொண்டிருந்த நாட்களில், 2008 ஆம் ஆண்டுத் தயாரிப்பான கருநீல டொயோட்டா விட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். தனியார் வாகனங்களை இறக்குமதி செய்ய 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி கிடைத்தபோதும், எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் புதிய கார் எட்டாத தூரத்திலேயே இருக்கிறது. ஆகவே இருக்கும் காரை இன்னும் பத்து ஆண்டுகளுக்குக் கறள் பிடிக்காமல் வைத்திருப்பதே என் நோக்கம். மினுக்கம் அதற்குப் பின்னால் வருவது.

வாங்கிய ஆண்டின் ஆயுதபூசைக்கு முதல் நாள், நண்பகல் வெயிலில், கிணற்றுத் தண்ணீரை ஒரே வாளியில் எடுத்து, உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத் தூளைக் கரைத்து, பழைய சாரம் ஒன்றினால் வட்டவட்டமாகத் தேய்த்துக் கழுவினேன். மாலையில் நிழலில் பார்த்தபோது கார் அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலை பூசைக்காக முற்றத்தில் நிறுத்தியபோது, கிழக்கு வெயில் பொனட்டில் பட்டதும், சிலந்தி வலை பின்னியதைப் போல ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள் தெரிந்தன. அவற்றினிடையே தண்ணீர்த் துளிகள் காய்ந்த இடங்களில் வெண்மையான வளையங்களும் இருந்தன. அந்தக் கீறல்களில் ஒரு பகுதி இன்றும் போகவில்லை.

அது ஏன் நடந்தது என்பதை விளங்கிக்கொண்டால் மற்ற எல்லாம் தாமாகவே விளங்கும். நம் கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவையில் அது 7 இல் நிற்கிறது, சன்னல் கண்ணாடியோ ஏறத்தாழ 5.5 இல் நிற்கிறது. கண்ணாடியையே கீறக்கூடிய துகள், காரின் நிறத்துக்கு மேலே பூசப்பட்டிருக்கும் தெளிபூச்சை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தத் தெளிபூச்சு பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரோன் வரையே தடிப்பானது, அதாவது ஒரு தலைமயிரைவிட மெல்லியது. பொலிஷ் போடுவதென்பது கீறலை நிரப்புவதன்று. கீறலைச் சுற்றியுள்ள பூச்சைச் சிறிது அரைத்து மட்டமாக்குவது. ஒவ்வொரு முறையும் சேமிப்பிலிருந்து கொஞ்சம் செலவாகிறது. ஆகவே கீறலை உண்டாக்காமல் கழுவப் பழகுவதுதான் முதல் வேலை.

நேரத்தைத் தெரிவு செய்வதில் பிடிவாதமாக இருங்கள். வெயில் ஏறுவதற்கு முன், அல்லது மாலை நான்கு மணிக்குப் பின், பொனட்டில் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியாத நிலையில் மட்டும் தொடங்குங்கள். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களில், நீங்கள் கழுவிக்கொண்டிருக்கும்போதே தரையிலிருந்து புழுதி எழுந்து ஈரத்தில் ஒட்டிவிடும் என்பதால், அக்காலத்தில் விடியற்காலையே சிறந்தது. நிழலுக்காக மாமரத்தின் கீழ் நிறுத்த வேண்டாம். அதன் பாலும் காகங்களின் எச்சமும் வேலையை இரட்டிப்பாக்கும். வீட்டுச் சுவரின் நிழல் போதும்.

அடுத்தது தண்ணீர். கரையோரக் கிணறுகள் பலவற்றில் கோடையில் நீர் உவர்த்துப்போகிறது என்பது நம் ஊரில் யாவரும் அறிந்தது. உங்கள் தண்ணீர் எப்படி என்று அறிய, ஒரு கண்ணாடித் துண்டில் சில துளிகள் விட்டு வெயிலில் காய வையுங்கள். வெள்ளை வளையம் எஞ்சினால் அதே வளையம் உங்கள் காரிலும் எஞ்சும். எங்கள் வீட்டில் ஊத்தையைக் கரைத்து ஓடவைக்கும் ஆரம்பக் கழுவலுக்குக் கிணற்று நீரையும், சவர்க்காரம் கரைப்பதற்கும் இறுதி அலசலுக்கும் கந்தளாயிலிருந்து குழாயில் வரும் தண்ணீரையும் பாவிக்கிறேன். இறுதி அலசலுக்குப் பூமரங்களுக்கு நீர் ஊற்றும் பூவாளியால் மூன்று வாளித் தண்ணீர் ஊற்றினால் ஒரு சிறிய காருக்குப் போதுமாக இருக்கிறது.

சில்லுகளிலிருந்து தொடங்குங்கள். பிரேக் தூளும் தார்த் துளிகளும் அங்கேதான் அதிகம். அவற்றுக்கெனத் தனி வாளியும் தனித் தூரிகையும் வைத்துக்கொண்டு, அவற்றைக் காரின் உடலுக்கு ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். அதன் பிறகு, கையால் எதையும் தொடாமல், ஹோஸினால் கூரையிலிருந்து கீழ்நோக்கிப் பத்து நிமிடமாவது தண்ணீர் விடுங்கள். பொறுமையில்லாதவர்கள் தவிர்த்துவிடும் கட்டம் இதுதான், ஆனால் முழு வேலையிலும் இதைவிடப் பயன் தருவது வேறெதுவும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். உப்பு தண்ணீரில் கரைந்து போகும், மணலில் பெரும்பகுதி தண்ணீரோடு ஓடிவிடும். இரண்டுக்கும் தேய்ப்பு வேண்டியதில்லை.

பிறகு இரண்டு வாளிகள். ஒன்றில் காருக்கென விற்கப்படும், அமிலமோ காரமோ மிகாத நடுநிலையான ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். பீங்கான் கழுவும் திரவமும் உடுப்புத் தோய்க்கும் தூளும் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவதற்கென்று செய்யப்பட்டவை என்பதால், காரின் மேல் இருக்கும் மெழுகையும் சேர்த்தே அகற்றிவிடும். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு வாளியில் தோய்த்து, ஒரு கதவின் அளவு இடத்தைக் கழுவி, அதை வெறும் தண்ணீர் வாளியில் நன்றாக அலசிய பின்னரே மீண்டும் ஷாம்புவில் தோய்க்க வேண்டும். அலசும் வாளியின் அடியில் படியும் மணல் மீண்டும் கையுறையில் ஏறாதிருக்க ஒரு வலைத்தட்டு விற்கிறார்கள்; நான் துளைகள் உள்ள பிளாஸ்டிக் கூடையொன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அது அதே வேலையைச் செய்கிறது. வேலை முடிந்து அந்த வாளியைச் சாய்த்துப் பார்த்தபோது அடியில் கிடந்த மணலை என் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், ஏனென்றால் முன்பு அவ்வளவையும் நான் பொனட்டின் மேல் வைத்து உரசியிருக்கிறேன். கூரை, கண்ணாடிகள், பொனட், கதவுகளின் மேற்பாதி என்ற வரிசையில் வந்து, ஊத்தை மிகுந்த கீழ்ப்பகுதியைக் கடைசியில் கழுவுங்கள். கையை வட்டமாக அன்றி நேர்கோட்டில், பாரமின்றி நகர்த்துங்கள்.

அலசியதும் காற்றில் காய விடாமல், அகலமான மைக்ரோஃபைபர் துவாயைப் பரப்பி, இழுத்தெடுத்துத் துடையுங்கள். முன்பே படிந்துவிட்ட வெண்வளையங்கள் கண்ணாடியில் இருந்தால், வினாகிரியும் தண்ணீரும் சமபங்காகக் கலந்து ஒரு நிமிடம் ஊறவைத்துத் துடைத்துவிட்டு, அந்த இடத்தை மீண்டும் நன்றாகக் கழுவ வேண்டும். பறவை எச்சம் அமிலத்தன்மை உடையது. சூடான பொனட்டில் ஒரே பகலில் அடையாளம் பதித்துவிடும். அதைக் கண்ட அன்றே ஈரத் துணியை மேலே போட்டு ஊறவைத்து எடுங்கள். ஆயுதபூசைக்குப் பூசும் சந்தனம், குங்குமத்துக்கும் இதே முறைதான்: காய்ந்த பின் உலர்ந்த துணியால் உரசுவது கீறலை வரவழைக்கும். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் முன்கண்ணாடியின் ஓரத்திலேயே பொட்டு வைக்கிறோம், அம்மாவும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்.

கழுவித் துடைத்த பின், மெல்லிய பொலித்தீன் பையைக் கையில் போட்டுக்கொண்டு பூச்சின் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பையினூடாகத் தெரியும். அது பூச்சில் பதிந்துவிட்ட உலோகத் தூளும் தாரும். அதற்கு ‘கிளே பார்’ எனப்படும் களிபோன்ற கட்டி இருக்கிறது. ஷாம்புத் தண்ணீரைத் தெளித்து, வழுக்கும் நிலையில், அழுத்தாமல் முன்பின்னாக நகர்த்தினால் அது அழுக்கைப் பற்றிக்கொள்ளும். கட்டியை அடிக்கடி மடித்துச் சுத்தமான பக்கத்தை வெளியே எடுக்க வேண்டும். அது தவறித் தரையில் விழுந்தால் எடுத்துக் கழுவிப் பாவிக்க நினைக்காதீர்கள், குப்பையில் போடுங்கள். நம் முற்றத்து மண் அதில் ஏறியிருக்கும்.

பொலிஷைப் பொறுத்தவரை, முதன்முறை செய்பவர் இயந்திரத்தைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. பழைய காரில் முன்னைய உரிமையாளர் எத்தனை முறை அரைத்திருப்பார் என்பதை நாம் அறியோம். விளிம்புகளில் பூச்சு இன்னும் மெல்லியதாக இருக்கும். மிக மென்மையான பொலிஷை, ஓர் அடிச் சதுர இடத்தில், கையால் போட்டுப் பார்த்து, அந்த மாற்றம் திருப்தியாக இருந்தால் மட்டும் தொடருங்கள். எஞ்சிய கீறல்களோடு வாழப் பழகுவது நல்லது, நான் பழகிவிட்டேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கார்நௌபா என்பது பிரேசிலில் வளரும் ஒரு பனைவகையின் இலையிலிருந்து எடுக்கப்படும் மெழுகு. கருநிறக் கார்களில் அது ஆழமான மினுக்கத்தைத் தரும், ஆனால் நம் வெயிலில் நெடுநாள் நிற்பதில்லை, என் காரில் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. ‘சீலன்ட்’ என்ற பெயரில் விற்கப்படும் செயற்கைப் பொலிமர் பூச்சுகள் அதைவிட நீடிக்கின்றன. கடலோரத்தில் இருப்பவருக்கு நான் அதையே சொல்வேன். கடினமாக இறுகி நெடுநாள் ஒட்டியிருக்கும் செராமிக் பூச்சை இப்போது நினைக்க வேண்டாம், ஏனென்றால் அதன் கீழே அகப்பட்ட கீறல்கள் அப்படியே பூட்டப்பட்டுவிடும். எதைப் பூசினாலும் மெல்லியதாகப் பூசுங்கள். ஐப்பசியில் வாடை தொடங்குவதற்கு முன் ஒரு முறை பூசிவிடுவதை நான் ஒழுங்காக வைத்திருக்கிறேன். மார்கழி முடியும் வரை கடற்காற்றும் மழையும் மாறிமாறி வரும், அப்போது நிதானமாகப் பூச நாள் கிடைக்காது.

கறள் தொடங்குவது கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான். ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும் தண்ணீர் வடிவதற்குச் சிறு துளைகள் உண்டு. அவை மணலால் அடைபட்டால் உப்புத் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கி நிற்கும். பல் குத்தும் குச்சி போன்ற மரக்குச்சியால் அவற்றைத் திறந்துவிடுங்கள். வைப்பர்களின் கீழே சேரும் வேப்பஞ்சருகையும் கையால் அள்ளி எடுங்கள். அடிப்பாகத்தை வீட்டில் சரியாகக் கழுவுவது கடினம் என்பதால், அதற்கு மட்டும் காரை உயர்த்திக் கழுவும் சேர்விஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன், நிலாவெளிக் கடற்கரை மணலில் இறக்கிய வாரத்தில் கட்டாயமாகப் போகிறேன். கழுவிய பின் டீசலோ கழிவெண்ணெயோ தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அவை அடிப்பாகத்து மூட்டுகளில் இருக்கும் இறப்பர் புஷ்களை ஊதச் செய்து கெடுப்பதுடன், புழுதியையும் ஒட்டவைக்கும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உள்ளே செய்வதற்கு அதிகமில்லை. விரிப்புகளை வெளியே எடுத்துத் தட்டி, ஆசனங்களை முன்னும் பின்னும் தள்ளி, கடினமான தூரிகையால் கம்பளத்தை அடித்து மணலை மேலே எழுப்பிக்கொண்டே வக்யூம் பிடிக்க வேண்டும். தூரிகை இல்லாமல் வக்யூம் மட்டும் பிடித்தால் கடற்கரை மணல் அசையாது. டாஷ்போர்டை ஈரத் துணியால் துடைப்பது போதும், மினுக்கும் எண்ணெய் பூசினால் அந்தப் பளபளப்பு முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசவைக்கும். ஈரத்தை உள்ளே விட்டுக் கதவை மூடாதீர்கள். மாரியில் இரண்டே நாளில் பூஞ்சண வாடை வந்துவிடும்.

இவ்வளவையும் ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். கழுவுதலும் கிளே வேலையும் ஒரு காலை, மீண்டும் மெல்லக் கழுவிவிட்டு மெழுகும் உட்பகுதியும் மறு காலை என்று நான் பிரித்துக்கொண்டேன். முடிந்ததும் மைக்ரோஃபைபர் துணிகளைப் பருத்தி உடுப்புகளோடு சேர்க்காமல், மென்மையாக்கி எதுவும் விடாமல் தனியாகத் தோய்த்து, காற்று மணலைக் கொண்டுவராத உள்விறாந்தைக் கொடியில் காயப்போடுங்கள். காய்ந்ததும் மூடியுள்ள வாளியொன்றில் போட்டு வைத்தால் அடுத்த முறைக்கு அப்படியே எடுக்கலாம்.