கேள்வி நேரம்: மால்ட்டும் கொழுந்தும்

ஐயா, நாங்கள் மூன்று கூட்டாளிகள் ஒரு சனி, ஞாயிறு பெங்களூர் போகிறோம். கடையிலேயே பியர் காய்ச்சும் சின்ன ஆலைகள் அங்கே நிறைய உண்டாமே. இரண்டு நாளில் எத்தனை பார்க்கலாம்?
– வாசகர், ஹட்டன்

ஒரு நாளுக்கு ஒன்று, தம்பி. அதற்கு மேல் வேண்டாம். சனிக்கிழமை இந்திராநகரில் டாய்ட் என்ற ஆலை, 2010இல் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மக்ராத் சாலையில் ஆர்பர், அது 2012. மெட்ரோ ஊதாப் பாதையில் எம்.ஜி. ரோட்டில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் இந்திராநகர். வாகனம் எடுத்து நீங்களே ஓட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

மதியம் கடை திறந்ததும் போய்விடுங்கள். இரவுக் கூட்டத்தில் பரிமாறுகிறவருக்குப் பேச நேரம் இருக்காது. மதியமென்றால் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பியர்த் தாங்கிகளைக் காட்டிப் பேசுவார். முதல் தடவை போனபோது எனக்கு எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது. முப்பத்தொரு வருடம் அங்கே தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்தவன் நான். நாம் கொழுந்தைப் புளிக்கவிட்டு, சரியான நேரத்தில் ட்ரையரில் போட்டு நிறுத்துகிறோம் அல்லவா? பார்லியை முளைக்கவிட்டு, வெப்பக் காற்றில் காயவைத்து நிறுத்தினால் அதுதான் மால்ட். கொஞ்சம் கூடுதலாக வறுத்தால் நிறம் ஏறும். கருக வறுத்ததுதான் ஸ்டவுட் என்கிற பியரைக் கறுப்பாக்குகிறது. ஆலைக்கு மால்ட் மூட்டையாகத்தான் வரும். அதை அரைத்து, 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவைத்தால் மாச்சத்து சர்க்கரையாகிவிடும். பிறகு வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிடுவார்கள்.

முழுக் கிளாஸ் கேட்காதீர்கள். சின்னச் சின்னக் கிளாஸ்களில் வகைக்கு ஒன்றாக வைத்த தட்டு ஒன்று வாங்கி, மூன்று பேரும் பகிர்ந்துகொள்ளுங்கள். வெளிறியதில் ஆரம்பித்துக் கறுப்பில் முடியுங்கள். முதலிலேயே கறுப்பைக் குடித்தால் அப்புறம் எதுவும் நாக்கில் ஏறாது. கோதுமை பியரை மட்டும் நிதானமாக முகர்ந்து பாருங்கள். கனிந்த வாழைப்பழமும் கராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் போடவில்லை, எல்லாம் ஈஸ்ட் செய்த வேலை. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஒரு கடையில் நுரை வந்த வேகத்தில் அடங்கிவிட்டது. கிளாஸை வெறுமையாக்கி முகர்ந்தால் சவர்க்கார வாடை. அப்படி இருந்தால் கூச்சப்படாமல் வேறு கிளாஸ் கேளுங்கள்.

வயிற்றில் சோறு இருக்கட்டும், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். தேயிலைத் தோட்ட லயத்தில் சம்பள நாளின் மறுநாள் விடியலை நானும் பார்த்து வளர்ந்தவன். அந்தக் குடியை அங்கே கொண்டுபோகாதீர்கள், தம்பி.

அண்ணா, என் வீட்டுக்காரருக்கு இப்படி ஆலைகள் பார்க்க ஆசை. நான் குடிப்பதில்லை. கூடப் போனால் சலிப்பாக இருக்குமா?
– வாசகி, பண்டாரவளை

இருக்காது, தங்கச்சி. ஒரு பிடி மால்ட் கேட்டு வாயில் போட்டு மெல்லுங்கள். நெஸ்டமோல்ட் என்ற மால்ட் பான மாவை வெறுமனே தின்ற சிறுவயது ஞாபகம் வரும். அது பிடித்துப்போனால் கேள்வி கேட்கப்போவது நீங்கள்தான், அவர் அல்ல.

நம் மலையில் பியர் காய்ச்சியது உண்மையா?
– வாசகர், தலவாக்கலை

உண்மைதான். 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் அங்கே சின்னதாகக் காய்ச்ச ஆரம்பித்தார். 1881இல் அது வியாபாரமாக வளர்ந்தது. இன்று லயன் என்ற பெயரில் விற்கும் பியரின் தொடக்கம் அதுதான். அதன் ஸ்டவுட்டில் மதுசாரம் 8.8 வீதம், பாதிக் கிளாஸோடு நிறுத்துவது நல்லது. 1990களில் ஆலை கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பியகமவுக்குப் போய்விட்டது.

அதற்கு முன் பள்ளி விடுமுறைக்கு நுவரெலியாவில் மாமா வீட்டில் தங்குவேன். வடித்த பார்லிச் சக்கையை அவர் மூட்டையில் கொண்டுவருவார். குளிரில் மூட்டையைப் பிரித்ததும் ஆவி எழும்பும், அவித்த கடலை மாதிரி ஒரு வாசம். கறவைப் பசு கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடிவரும்.