மருந்துக்கடைத் தம்பி சொன்னது பாதி சரி

வாசகி, மேலூர்: ஆறு வருஷமாகச் சர்க்கரை. கிளிமிபிரைடு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். "இது கணையத்தைப் பிழிஞ்சு இன்சுலினை வெளியே தள்ளும்க்கா" என்றார் மருந்துக்கடைத் தம்பி. பிழிந்து பிழிந்து உள்ளே பை கிழிந்துபோகாதா? ஒருநாள் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிட நேரமாகி, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலேயே வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கிவிட்டது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு அம்மா. அதற்கு வருகிறேன். பை கிழிகிற கதைக்கு என்னைப் போன்றவர்களும் காரணம். மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்தியவன் நான். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, அது செல்லின் ஓரத்தில் முட்டி 'டப்'பென்று வெடிப்பதாகத்தான் ஆரம்ப வருஷங்களில் வரைந்து காட்டினேன். அங்கே எதுவும் வெடிப்பதில்லை.

கணையத்தின் பீட்டா செல் ஒன்றுக்குள் சுமார் 10,000 குட்டிப் பொட்டலங்கள் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரை 3,000 கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஒரு பொட்டலம். இன்சுலின் அதற்குள் தண்ணீராகக் கிடக்காது. ஆறு ஆறு மூலக்கூறாகத் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு கற்கண்டு மாதிரி கெட்டிப்பட்டிருக்கும். பொட்டலத்துக்குள் அமிலம் அதிகம், வெளியே ரத்தத்தில் அது கிடையாது. அதனால் வாசல் திறந்ததும் கற்கண்டு கரைந்துவிடும்.

வாசல் எப்படித் திறக்கிறது? சிங்கம்புணரிப் பக்கம் தென்னைநார்க் கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முறுக்கு ஏற ஏறக் கயிற்றின் நீளம் குறையும். மறுமுனையைப் பிடித்திருப்பவர் அடி அடியாக முன்னால் இழுபட்டு வருவார். செல்லிலும் அதே கதைதான், நாலு புரி. ஒரு புரி பொட்டலத்தின் மேலிருக்கும் சினாப்டோபிரெவின் என்ற புரதம். மற்ற மூன்றும் செல்லின் வெளிச் சவ்விலிருந்து வருபவை. சின்டாக்சின் ஒரு புரி, ஸ்னாப்-25 இரண்டு புரி. நாலும் முறுக்கிக்கொள்ளும்போது பொட்டலம் சவ்வை நோக்கி இழுபட்டு, இரண்டு உறையும் ஒன்றாகக் கலந்து, நடுவில் ஒரு துளை விழுகிறது. கிழிசல் கிடையாது. பொட்டலத்தின் உறையைக்கூட செல் பிறகு உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பப் பயன்படுத்தும். செல்லுக்குள் இந்தச் சரக்குப் போக்குவரத்து நடக்கும் விதத்தைத் துலக்கியதற்குத்தான் ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் 2013-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

வாசலோரம் வந்துவிட்ட பொட்டலங்களில் கயிறு பாதி முறுக்கில் காத்திருக்கும். கால்சியம் உள்ளே வர வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு 'ம், முறுக்கு' என்று சொல்வது சினாப்டோடாக்மின் என்ற இன்னொரு புரதம். நீங்கள் சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி பீட்டா செல்லுக்குள் எரியும்போது, செல்லின் பொட்டாசியம் கதவு மூடும். அது மூடினால் கால்சியம் கதவு திறக்கும். உங்கள் மாத்திரை நேராகப் போய் அந்தப் பொட்டாசியம் கதவை மூடுகிறது. ஆக, தம்பி சொன்ன 'வெளியே தள்ளும்' சரி, 'பிழியும்' தப்பு. வயிற்றில் சோறு இருக்கிறதா என்று மாத்திரை கேட்பதில்லை. இன்சுலின் வந்துவிடும், சர்க்கரை இறங்கும். மாட்டுத்தாவணியில் நடந்தது அதுதான். மறுபடி அப்படி வந்தால் உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ குடியுங்கள். பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஜிகர்தண்டாக் கடைக்குப் போகாதீர்கள், பால் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், நடந்ததை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த இடம் இது. துளை விழுந்த பிறகு அது எவ்வளவு விரிய வேண்டும் என்பதில் உள்ளே இருக்கும் சரக்குக்கும் பங்கு உண்டு. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் இதைப் பார்த்தார்கள். அங்குள்ள பொட்டலங்கள் சிலவற்றில் அட்ரினலினோடு டி.பி.ஏ. என்ற புரதமும் இருக்கும். பக்கவாதம் வந்தவர்களுக்கு நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசியில் போடுகிறார்களே, அதே புரதம்தான். அது இருக்கும் பொட்டலத்தில் துளை பல விநாடிகள் விரியாமல் ஒடுங்கியே நிற்கிறது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் சின்னப் பையன் கால் இடுக்கில் புகுந்து போய்விடுவது மாதிரி அட்ரினலின் நழுவிவிடும். டி.பி.ஏ. மெல்லத்தான் வரும். தன் வாசலைத் தானே ஒடுக்கி வைத்துக்கொள்ளும் சரக்கு! இதையெல்லாம் அந்தக் கரும்பலகை வட்டத்துக்குள் நான் எங்கே வரைவது?

வாசகர், அலங்காநல்லூர்: மாட்டுக் கொம்பு கிழித்ததற்கு டி.டி. ஊசி போட்டார்கள். கொம்பில் ஏது சார் துரு?

பதில்: அந்த ஊசி டெட்டனஸ் என்கிற ரணஜன்னிக்கு. துருவுக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. கிருமி மண்ணிலும் சாணியிலும் இருக்கிறது, வாடிவாசலில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அதன் நஞ்சு, மேலே சொன்ன நாலு புரியில் முதல் புரியான சினாப்டோபிரெவினை வெட்டிவிடும். அதுவும் 'தளர்ந்துகொள்' என்று தசைக்குக் கட்டளை போக வழிசெய்யும் நரம்புகளில். பொட்டலம் இருக்கும், திறக்காது, தாடை இறுகிக்கொள்ளும். தடுப்பூசி உடம்பில் வேலை செய்யச் சில நாள் பிடிக்கும். அடுத்த தையில் களம் இறங்குவதாக இருந்தால் மார்கழியிலேயே டாக்டரைப் பார்த்து, ஊசி பாக்கி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.