மீட்டர் போனஸை நம்பி பேக்கி வாங்கலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 38 வயது. தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணத்தில் ஹோட்டாசெல் பக்கம் ஒரு மாங்கனீஸ் சைட்டில் ட்ரில்லிங் கான்ட்ராக்டரிடம் ரிக் (துளையிடும் இயந்திரம்) ஆபரேட்டராக இருக்கிறார். ஆறு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு. அடிப்படைச் சம்பளம் 14,500 ராண்ட். அதற்கு மேல், துளைத்த மீட்டருக்கு ஏற்ப போனஸ். நல்ல மாதத்தில் 27,000 வரை வரும். ஒப்பந்தம் ‘திட்டம் முடியும் வரை’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். இரண்டரை வருடமாக அதே திட்டம். இப்போது வங்கி ஒரு டபுள் கேப் பேக்கிக்கு (பிக்கப் வண்டி) கடன் தரத் தயார் என்கிறது. தவணை 6,800. முன்பணத்துக்கு ஓய்வூதிய நிதியின் டூ-பாட் சேமிப்புப் பகுதியிலிருந்து 20,000-ஐ எடுக்கலாம் என்கிறார். வீட்டு பாண்ட் (வீட்டுக் கடன்) தவணை 4,500 போகிறது. இன்னொன்று: டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் நண்பரோடு சேர்ந்து பழைய ரிக் ஒன்றை வாங்கி போர்ஹோல் போடும் யோசனையும் இருக்கிறது. என்ன செய்யலாம்? — வாசகி, சாட்ஸ்வொர்த்.

பதில்: சகோதரி, பேக்கி இப்போது வேண்டாம். நீங்கள் அனுப்பிய பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அதில் ஐந்து மாதம் 27,000-ஐ ஒட்டி இருக்கிறது. நான்கு மாதம் 19,000. மூன்று மாதம் வெறும் 14,500. அந்த மூன்றில் இரண்டு, டிசம்பரும் ஜனவரியும். ரிக் நின்றால் மீட்டர் இல்லை. மீட்டர் இல்லையென்றால் போனஸும் இல்லை. வருடக் கடைசியில் சைட் மூடுவது புதிதில்லை, ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான்.

வங்கி எப்படி ஒப்புக்கொண்டது என்று கேட்பீர்கள். தேசியக் கடன் சட்டத்தின் விதிப்படி, வருமானம் ஏறி இறங்கினால் குறைந்தது மூன்று சம்பளக் காலத்தின் சராசரியைப் பார்த்தால் போதும். அவர் கொடுத்தது செப்டம்பர், அக்டோபர், நவம்பர் சீட்டுகள். மூன்றும் கொழுத்த மாதங்கள். வங்கி விதியை மீறவில்லை, ஆனால் உங்கள் ஜனவரியை அது பார்க்கவே இல்லை.

அந்த ஜனவரியை நாம் பார்ப்போம். 14,500-இல் வரி, ஓய்வூதியப் பிடித்தம், யுஐஎஃப் (வேலையிழப்புக் காப்பீடு) எல்லாம் போனால் கையில் 12,000 சொச்சம். பேக்கித் தவணை 6,800. கடனில் வாங்கிய வண்டிக்கு முழுக் காப்பீடு கட்டாயம் கேட்பார்கள், அதற்கு 1,300 வையுங்கள். பாண்ட் 4,500. ஆக 12,600. இன்னும் அரிசி வாங்கவில்லை, கரண்ட் போடவில்லை, வண்டிக்கு டீசல் ஊற்றவில்லை. சரி, முடியாவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றால், கொடுக்கலாம், அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் ஏலத்தில் விற்ற விலை கடனுக்குக் குறைவாக இருந்தால் மிச்சத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். வண்டி போன பிறகும் தவணை போகாது.

டூ-பாட் பணத்தில் கை வைக்காதீர்கள். 2024 செப்டம்பர் 1-இலிருந்து வந்த இந்த முறையில் சேமிப்புப் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் எடுக்கும் தொகை அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்துதான் வரிக்கு வரும். போனஸோடு பார்த்தால் அவர் 26 விழுக்காட்டுப் படியைத் தொட்டு நிற்கிறார். 20,000-இல் 5,200 வரியாகவே போய்விடும், நிர்வாகக் கட்டணம் தனி. பழைய வரிப் பாக்கி இருந்தால் வரித்துறையான சார்ஸ் அதையும் அதிலேயே பிடித்துக்கொள்ளும். இருபதாயிரம் கேட்டவருக்குப் பதினாலாயிரம் சொச்சம் வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சம்பளச் சீட்டில் ஓய்வூதியப் பிடித்தத்தைப் பாருங்கள். 14,500-க்கு மட்டும் கணக்குப் போட்டிருக்கிறது. போனஸுக்கு ஒரு சதம் கூடப் போகவில்லை. குழு ஆயுள் காப்பீடும் அதே அடிப்படையில்தான் இருக்கும். மூன்று வருடச் சம்பளம் என்று எழுதியிருந்தால், அது 14,500-இன் மூன்று வருடம், 5,22,000. நீங்கள் வாழப் பழகியிருப்பதோ 21,000 சராசரியில். ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவ்வளவு தூரம் சாலையில் போய் வருகிற மனிதருக்கு இது போதாது. அதனால் பேக்கித் தவணைக்கு ஒதுக்க நினைத்ததில் ஒரு சிறு பங்கை அவர் பெயரில் தனி ஆயுள் காப்பீட்டுக்குப் போடுங்கள். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘ஆபரேட்டர்’ என்று மட்டும் எழுதாமல், ரிக், சைட், தூசி எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். பின்னால் க்ளைம் நிற்க அதுதான் முக்கியம்.

மீதிப் போனஸ் வீட்டு பாண்டுக்குள் போகட்டும். உங்கள் பாண்டில் கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுக்கும் வசதி இருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். இருந்தால் வட்டியும் குறையும், ஜனவரியில் தேவையானதை எடுக்கவும் செய்யலாம். இல்லையென்றால், 32 நாள் முன்னால் சொல்லிப் பணம் எடுக்கும் நோட்டீஸ் கணக்கு. முதலில் 40,000 சேரட்டும், அப்புறம் வண்டியைப் பேசலாம், அதுவும் பழைய வண்டி.

ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறேன் என்றால், இந்தத் தொழிலின் போக்கு அப்படி. 1980-களின் நடுவில் இந்நாட்டுச் சுரங்கங்களில் ஏழு லட்சத்துக்கும் மேல் பேர் இருந்தார்கள். இன்று ஐந்து லட்சத்துக்கும் கீழே. புதிய கனிமம் தேடும் உலகச் செலவில் தென்னாப்பிரிக்காவின் பங்கு 2003-இல் 5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது, அண்மை ஆண்டுகளில் 1-க்கும் கீழே இறங்கிவிட்டது. ரிக் ஆபரேட்டரின் வேலை அந்தச் செலவில்தான் தொங்குகிறது. மாங்கனீஸ் விலை விழுந்தால் நிறுவனம் முதலில் நிறுத்துவது ட்ரில்லிங்கைத்தான்.

திட்டம் முடிந்தால் என்ன கிடைக்கும்? ஒரே திட்டத்தில் 24 மாதத்துக்கு மேல் இருந்து, வருமானம் சட்டம் சொல்லும் வரம்புக்குள் (2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 2,61,748 ராண்ட்) இருந்தால், ஒப்பந்தம் முடியும்போது நிறைவான ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வாரச் சம்பளம் தர வேண்டும். உங்களவர் வரம்புக்குள்தான் இருக்கிறார். இரண்டு வாரச் சம்பளம்; பெரிய தொகை இல்லை, ஆனால் கேட்காவிட்டால் அதுவும் வராது. யுஐஎஃப் வரும், அதுவும் மாதச் சம்பளம் 17,712 என்ற உச்சவரம்பை வைத்துத்தான். அந்த உச்சத்தில் கிடைப்பது 38 விழுக்காடு, ஏறக்குறைய 6,700. அவராக ராஜினாமா செய்தால் அதுவும் கிடையாது. சைட் மாறும்போதெல்லாம் மருத்துவ வெளியேற்றச் சான்றிதழின் (வேலையை விட்டுப் போகும்போது செய்யும் உடல் பரிசோதனைச் சான்று) நகலை வாங்கி வீட்டில் வையுங்கள். சிலிக்கா தூசி நுரையீரலில் காட்டுவதற்குப் பல வருடம் ஆகும். அப்போது எங்கே எத்தனை நாள் வேலை பார்த்தார் என்பதற்குக் காகிதம் வேண்டும்.

டோங்காட் யோசனைக்கு வருகிறேன். 2022 வெள்ளத்தில் அங்கே சுத்திகரிப்பு நிலையம் பழுதாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் இருந்தபோது, போர்ஹோல்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை என்பது சரிதான். திருச்செங்கோட்டுக்காரர்கள் ரிக் லாரி வாங்கி ஊர் ஊராகப் போய் முன்னுக்கு வந்த கதையும் அவர் காதில் விழுந்திருக்கும். ஆனால் பழைய ரிக்கில் கம்ப்ரெசர் போனால் ஒரு வருட லாபம் போச்சு. தண்ணீர் வராத துளைக்கு யார் பணம் தருவது என்று வாடிக்கையாளரோடு சண்டை வேறு. பாண்டும் இருந்து கையிருப்பும் இல்லாத வீட்டுக்கு இது இப்போது பொருந்தாது. நண்பர் தொடங்கட்டும். லீவுக்கு வரும் இரண்டு வாரத்தில் உங்களவர் அவரிடம் நாள் கூலிக்குப் போய் வேலை எப்படி வருகிறது என்று பார்க்கலாம், வேறு இடத்தில் சம்பளம் வாங்கக் கூடாது என்று இப்போதைய ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவில்லை என்றால். அதை முதலில் படித்துப் பாருங்கள்.