வீட்டுப் பத்திரத்தை எடுக்காதீர்கள் அம்மா

மகள் பிளஸ் டூ படிக்கிறாள், ஒளியைக் கையாளும் அறிவியலான ஃபோட்டானிக்ஸ்தான் வேண்டும் என்கிறாள். உங்கள் அண்ணனோ சேலம் செவ்வாய்ப்பேட்டை வீட்டை அடகு வைத்தாவது கோவையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடு என்கிறார். வேண்டாம். கொலுசுப் பட்டறை வருமானம் ஏறும், இறங்கும், வட்டி நிற்காது. அதைக் கட்டப்போவதும் அண்ணன் இல்லை.

ஒழுங்கில்லாத பொருளுக்குள் ஒளியைச் சிறைப்பிடிப்பது அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் ஆசையா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டுப் பால் விட்டு, கண்ணில் படாமல் லேசர் பாயிண்டரைப் பக்கவாட்டில் அடிக்கச் சொல்லுங்கள். சிவப்புக் கோடு தெரியும். பால் கூடக்கூடக் கோடு கலைந்து, ஒளி நுழையும் இடத்திலேயே உருண்டையாகத் தேங்கும். இது சிறை இல்லை, சிதறல்தான். சுற்றிச் சுற்றி ஒளி வெளியே வந்துவிடும். அடுத்து, ஏற்காட்டுக் காபி டிகாக்‌ஷன் கொஞ்சம் விடட்டும். ஒளி மங்கும். அதுவும் சிறை இல்லை, டிகாக்‌ஷன் ஒளியை விழுங்குகிறது.

உண்மையான சிறையை இப்படிப்பட்ட மயக்கங்களிலிருந்து பிரித்தறிவதில்தான் பெரிய ஆய்வகங்களே திணறின. ஒழுங்கில்லாத பொருளில் எலக்ட்ரான்கள் நகராமல் சிக்கிவிடும் என்று 1958இல் இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் சொன்னதை 1980களில் சஜீவ் ஜான் ஒளிக்குக் கொண்டுவந்தார். ஆனால் ஒளி சிக்க வேண்டுமென்றால், அதன் ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் அலைநீளத்தைவிடவும் குறைய வேண்டும். அப்படிப்பட்ட பொருள் எளிதில் கிடைக்காது. பெயின்டில் போடும் டைட்டானியம் டை ஆக்சைடு பொடியில் ஒளி சிக்கியதாக வந்த முடிவு, பொடியின் மெல்லிய ஒளிர்வு தந்த மயக்கம் என்று 2016இல் தெரிந்தது. ‘அப்போ எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?’ என்று அவள் டம்ளரை விட்டு எழாமல் கேட்டால், அவளைத் தடுக்காதீர்கள்.

கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான குசாட்டில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. ஃபோட்டானிக்ஸ் இருக்கிறது. பிளஸ் டூ முடித்து நேராகச் சேரலாம். நுழைவுத் தேர்வு கோடையில். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் படிக்க வேண்டும். பொதுத் தேர்வு முடிவு வரட்டும் என்று இருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். சேலத்திலிருந்து எர்ணாகுளத்துக்கு நேர் ரயில் உண்டு. இடம் கிடைக்காவிட்டால் சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்த்து, மூன்றாம் ஆண்டில், ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வு எழுத வையுங்கள்.

ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் கைநிறையச் சம்பளம் என்று நான் சொல்ல மாட்டேன். தேசியத் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் இடம் கிடைத்து ஆராய்ச்சிக்குப் போனால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அதுவரை விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஆவதை இப்போதே கணக்குப் போடுங்கள். குறைந்தால் கல்விக்கடன் வாங்குங்கள். 4 லட்சம் வரை வங்கி சொத்து ஈடு கேட்காது, கூட்டுக் கடன்தாரராக நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.