காப்பிக் கேள்விகள்: எல்லாம் கசப்புத்தானா?

கேள்வி: இத்தாலியில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தபோது மூன்று காப்பிப்பொடிகளைக் கொண்டுவந்தான்: ‘லவாட்சா’வின் சிவப்புப் பொட்டலம், ‘இல்லி’ டப்பா, நேப்பிள்ஸ் ஊரின் ‘கிம்போ’. ஒன்றில் பழவாசனை வருகிறது, இன்னொன்றில் சாக்லேட் வருகிறது என்கிறான். எனக்கு மூன்றும் கசப்பாகவே இருக்கின்றன. வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது டப்பாவின் அழகில் மயங்கிச் சொல்கிறானா?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: வித்தியாசம் இருக்கிறது, ஆச்சி. ஆனால் பாலும் சர்க்கரையும் சேர்த்த டம்ளரில் தேடினால் அது அகப்படாது. நம் டிகாஷன் பாலைச் சுமப்பதற்கென்றே அமைந்தது. நூற்றுக்கு இருபது முப்பது பங்கு சிக்கரி சேர்ப்பதும் பால் விட்ட பிறகும் நிறமும் கனமும் குன்றாமல் இருக்கத்தான். இத்தாலியர் சிக்கரி சேர்க்காமல், அந்தக் கனத்தின் பெரும்பகுதியை ரொபஸ்டா என்னும் கொட்டையிலிருந்து பெறுகிறார்கள். உங்கள் மூன்று பொடிகளையும் பிரிப்பது முதலில் அதுதான்.

இல்லி, 1933-இல் திரியெஸ்தே துறைமுக நகரத்தில் தொடங்கிய நிறுவனம். அதன் கலவை முழுக்க முழுக்க அராபிகா என்னும் மற்றோர் இனக் கொட்டை. ஒன்பது வகை அராபிகாக் கொட்டைகளைச் சேர்ப்பதாக அவர்களே சொல்கிறார்கள். லவாட்சா 1895-இல் தூரின் நகரத்து மளிகைக் கடையாகத் தொடங்கியது; அதன் சிவப்புப் பொட்டலத்தில் அராபிகாவும் ரொபஸ்டாவும் கலந்திருக்கும். கிம்போ 1963-இல் நேப்பிள்ஸில் பிறந்தது. அந்த ஊர்க்காரர்கள் வடக்கு இத்தாலியரைவிடக் கறுப்பாக வறுப்பார்கள், ரொபஸ்டாவையும் தாராளமாகச் சேர்ப்பார்கள். அராபிகாவில் எண்ணெயும் இனிப்பும் கூடுதல், ஆகவே மணமும் மெல்லிய புளிப்பும் தூக்கலாக இருக்கும். ரொபஸ்டாவில் காபீன் ஏறக்குறைய இரு மடங்கு, கசப்பும் கனமும் அதற்கேற்ப மிகுதி, மேலே நிற்கும் நுரையும் கெட்டி. நம் குடகிலும் வயநாட்டிலும் விளையும் ரொபஸ்டாவை, இயந்திர அழுத்தத்தில் சிறு கோப்பையில் இறக்கும் எஸ்பிரஸோக் காப்பியின் கலவைகளுக்காக இத்தாலியர் விரும்பி வாங்குகிறார்கள். இந்தியக் காப்பிக்குப் பல ஆண்டுகளாகப் பெரிய வாடிக்கையாளரே இத்தாலிதான். செட்டிநாட்டு வளவுகளுக்கு இத்தாலியப் பளிங்கு கப்பலேறி வந்த கதையை நீங்கள் அறிவீர்கள். காப்பிக்கொட்டை எதிர்த் திசையில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கசப்பு. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த மொழியைப் பேசும் நாம், காப்பி என்று வந்ததும் எல்லாவற்றையும் கசப்பு என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறோம். உங்கள் டம்ளரில் குறைந்தது மூன்று தனித்தனிச் சங்கதிகள் இருக்கக்கூடும். பாகற்காயில் வருவது போன்ற நேரான கசப்பு ஒன்று. அடிப்பிடித்த பாத்திரத்தின் காந்தல் வாசனை இன்னொன்று. அது கொட்டையின் குணமன்று, வறுவலின் குணம். மூன்றாவது துவர்ப்பு: வாழைப்பூவை மோரில் போடாமல் அப்படியே கடித்தால் நாக்கு இழுத்துக்கொண்டு வாய் உலர்கிறதே, அது. இவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரிந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

உங்கள் மகன் சொல்லும் பழமும் சாக்லேட்டும் நாக்கின் வேலை அல்ல, மூக்கின் வேலை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள்: புளிப்பும் கசப்பும் மட்டும் தெரியும். விழுங்கியபின் கையை எடுத்தால், தொண்டை வழியாக மணம் மேலேறிச் சட்டென்று காப்பி காப்பியாகும். (நுனி நாக்கில்தான் இனிப்புத் தெரியும், அடிநாக்கில்தான் கசப்புத் தெரியும் என்று நம்மிற் பலர் பள்ளியில் படித்தது தவறு, நாக்கு முழுவதும் எல்லாச் சுவையும் தெரியும்.)

ஒப்பிடுவதற்கு இயந்திரம் வேண்டாம், பில்டரும் வேண்டாம். மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் எட்டெட்டு கிராம் பொடி போட்டு, கொதித்து அடங்கிய வெந்நீரை 150 மில்லி வீதம் ஊற்றி, நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு மேலே கட்டியிருக்கும் ஆடையைக் கரண்டியால் உடைக்கும்போது முகத்தை அருகில் கொண்டுபோய் மோந்து பாருங்கள். நுரையை வழித்தெடுத்துவிட்டு, ஆறவிட்டு, கரண்டியால் எடுத்துச் சத்தம் வரும்படி உறிஞ்சுங்கள். அந்தச் சத்தத்துக்கு வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. காப்பித் தொழிலில் சுவை பார்ப்பவர்களும் இப்படித்தான் உறிஞ்சுகிறார்கள். சூடாக இருக்கும்போது மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும், ஆற ஆறத்தான் விலகும். நான் இப்படிப் பார்த்தபோது இல்லியில் நார்த்த இலையைக் கசக்கியது போன்ற வாசனையும், சிவப்புப் பொட்டலத்தில் தோலோடு வறுத்த நிலக்கடலையும், நேப்பிள்ஸ் பொடியில் பாகு பதம் தாண்டிய கருப்பட்டியும் தெரிந்தன. உங்களுக்கு வேறு ஏதாவது தெரிந்தால் அதையே சொல்லுங்கள். உங்கள் அடுக்களையில் இல்லாத பழத்தின் பெயரைத் தேடவேண்டியதில்லை.

கேள்வி: இத்தாலிய எஸ்பிரஸோப் பொடியைப் பித்தளைப் பில்டரில் போட்டால் டிகாஷன் இறங்கவே மாட்டேன் என்கிறது. பொடி பழையதா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: பழையதன்று, நைசானது. ஒன்பது மடங்கு காற்றழுத்தத்தில் நீரைத் தள்ளும் இயந்திரத்துக்காக அரைத்த பொடி அது. நம் பில்டரில் தள்ளுவதற்குப் பூமியின் இழுவிசையைத் தவிர ஒன்றுமில்லை. குடையால் அழுத்தாமல், பொடியைத் தளர்வாகப் பரப்பி, பாதி அளவு மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் கள்ளிச்சொட்டுப் போன்ற டிகாஷனை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: கானாடுகாத்தானில் ஒரு விடுதியில் எஸ்பிரஸோ குடித்தேன். புளித்துப்போன கஷாயம்போல் இருந்தது. அராபிகா என்றால் இப்படித்தான் புளிக்குமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: அராபிகாவின் புளிப்பு பழுத்த நாரத்தைச் சுளையின் புளிப்பு; நீங்கள் சொல்வது காயின் புளிப்பு. இத்தாலியர் வகுத்திருக்கும் கணக்கு இது: 7 கிராம் பொடி, ஏறக்குறைய 90 டிகிரி சூட்டில் நீர், 25 விநாடி, கோப்பையில் 25 மில்லி. புளிப்பு முதலில் கரைந்து வந்துவிடும், இனிப்பும் கசப்பும் பின்னால்தான் வரும். பொடி பருமனாக இருந்தாலோ இயந்திரம் சூடேறாமல் இருந்தாலோ, நீர் பத்து விநாடியில் ஓடிவந்து, புளிப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

எனக்கும் இதே அனுபவம் உண்டு. ஒரு பழைய வீட்டு விடுதியின் முற்றத்தில், ஆத்தங்குடிக் கல் பாவிய தாழ்வாரத்தில் உட்கார்ந்து, வெளிறிய நுரை நொடியில் கலைந்துபோன கோப்பையைப் பார்த்து, கொட்டையைக் குறைசொன்னேன். பரிமாறிய பையன் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அரைவை இயந்திரத்தின் வளையத்தை இரண்டு புள்ளி திருப்பி, அதே கொட்டையை மீண்டும் அரைத்துப் போட்டு வந்தான். இம்முறை எலிவால்போல் மெல்லிசாக இறங்கியது. நுரை புலித்தோல் நிறத்தில் நின்றது. சர்க்கரையைத் தூவினால் சற்றுத் தாங்கிப் பிறகே உள்ளே இறங்கியது. குடித்து முடித்து வெகுநேரம் கழித்தும் வறுத்த கவுனி அரிசியின் வாசனை வாயில் இருந்தது. அடுத்த முறை போகும்போது, இன்னும் கொஞ்சம் நைசாக அரைத்து ஒன்று போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.